பறிக்காத சக்கை

அந்த வீட்டைப் பார்த்ததும் என் மனசில் முதலில் உறுத்தியது மின்கம்பி இல்லை, சக்கை. பலாப்பழத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். வீட்டுக்குக் கிழக்கே நின்ற வருக்கைப் பலாவில், வீட்டைப் பார்த்த கொப்புகளில் ஒரு சக்கைகூட மிச்சமில்லை. மறுபக்கத்துக் கொப்புகளில் மட்டும் பழங்கள் வெடித்து, காக்கை கொத்தி, அழுகித் தொங்கின. குலசேகரம் பக்கத்தில் வருக்கைச் சக்கையை மரத்தோடு அழுக விடுகிறவர்களை நான் கண்டதில்லை. சொந்தக்காரன் விட்டாலும் அயல்வீட்டுக்காரன் விடமாட்டான்.

"அந்தப் பக்கத்துச் சக்கைய ஏன் பறிக்கல்ல?" என்று தரகரிடம் கேட்டேன்.

"வீட்டுக்காரங்க சென்னையில இருக்காங்க டீச்சரே. ஆரு பறிக்க?"

"பின்ன இந்தப் பக்கத்துல உள்ளத ஆரு பறிச்சா?"

தரகர் சிரித்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

என் கணவர் அதற்குள் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீரைக் குடித்தும் பார்த்துவிட்டார். அவர் மஸ்கட்டில் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்களுக்கு சூப்பர்வைசர். ஒரு மாத லீவில் வந்திருந்தார். லீவு முடிவதற்குள் சொந்த வீடு வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். வீடு வாங்குவது, பெண் பார்ப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது எல்லாம் ஒரே லீவில் நடக்க வேண்டும்.

கம்பியை யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது. ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு டவர் நின்றது. அதிலிருந்து கிளம்பிய கம்பிகள் கிழக்கு மதிலை ஒட்டி, பலாவின் மறுபக்கத்துக் கொப்புகளுக்கு மேலாகப் போயின. பங்குனி வெயிலில் அவை சத்தமே இல்லாமல் கிடந்தன.

"ஹை டென்ஷன் லைனாக்கும்," என்றேன்.

"இருக்கட்டு. நம்ம தலைக்கு மேலயா போவுது?"

பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்ததும் ஸ்டாஃப் ரூம் முழுக்க டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். ஒருத்தி தீராத தலைவலி வரும் என்றாள். இன்னொருத்தி புற்றுநோயே வரும் என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று. அவரிடம் சொன்னால், "நீ காதுல வச்சிருக்க மொபைலுக்குப் பயமில்ல, இதுக்குப் பயமா ஏட்டி?" என்று என் வாயை அடைத்தார். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. கண்ணுக்குத் தெரியாத எதற்கோ பயந்து பயந்து, கண்ணால் பார்த்த சக்கையை நான் மறந்தே போனேன்.

பத்திரம் எழுதும் முன் இடத்தை அளக்கப் போனோம். அளக்க வந்தவர், தரகர், நாங்கள் இருவர். கோடை மழை பெய்து ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. கணவரின் தோளில் அவருடைய தோட்டி. மரத்தில் காய் பறிக்க மற்ற வீடுகளில் நீளமான மூங்கிலில் அரிவாளைக் கட்டி வைத்திருப்பார்கள். இவருடையது மூங்கில் இல்லை. உயரமான சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற அலுமினியக் கம்பு. மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போகும், கனமும் இல்லை. சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் அதைக் கொண்டுபோய் மாங்காய் பறித்துக் கொடுத்து, எல்லாரும் மெச்ச மெச்ச மனுஷன் பூரித்துப் போயிருந்தார்.

"நம்ம சக்கைய நாமளே பறிச்சிட்டுப் போவோம்," என்றார். நம்ம சக்கையாம்! பத்திரமே எழுதவில்லை.

டேப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் மேற்கு மூலையில் நின்றேன். அப்போதுதான் ஒரு இரைச்சல் கேட்டது. வண்டு என்று நினைத்தேன். வண்டு இல்லை. ஈரத்தில் கம்பிகள் இரைந்துகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். கம்பிக்குக் கீழே அழுகிய சக்கைகள், நடுவில் ஒன்றிரண்டு நல்லதும். அவற்றுக்கும் கீழே அவர், தோட்டியை இழுத்து இழுத்து நீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சக்கைகளை ஏன் ஒருவரும் தொடவில்லை என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது.

கத்த வேண்டும். எப்படிக் கத்துவது? கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கூப்பிட ஒரே வழிதான் உண்டு. அதையே தொண்டை கிழியக் கத்தினேன்.

"இஞ்ச பாருங்க!"

பார்த்தார். கையில் பிடித்த தோட்டியோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். அந்த நீளக் கம்பும் அவரோடு சேர்ந்து திரும்பி, கொப்பை விட்டு வெளியே வந்து, கம்பியின் பக்கம் சாய்ந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. மறுபடியும் கூப்பிட்டால் இன்னும் திரும்புவார். அப்போது என் வாயிலிருந்து அவருடைய பெயர் வந்தது. முழுப் பெயர்.

அதிர்ந்துபோய் அசையாமல் நின்றுவிட்டார்.

"கம்பப் போடுங்க! கீழ போடுங்க!"

கம்பு சகதியில் விழுந்தது. அவர் இரண்டு கைகளையும் வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "கையில என்னவோ சுருசுருன்னு ஏறிச்சு," என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"தொடவே வேண்டாம் சார். கிட்ட போனாலே இழுத்திரும்," என்றார் அளக்க வந்தவர். தரகர் யார் முகத்தையும் பார்க்காமல் குடையை விரித்தார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "தப்பு கம்புலதான? வீடு என்ன செஞ்சுது?" என்றார்.

"நீங்க மஸ்கட்டுக்குப் போயிருவிய. இஞ்ச சக்க பழுக்கும்போ எல்லாம் ஆரு எதக் கொண்டு பறிக்காவன்னு நான் மரத்து மூட்டுல காவல் இருக்கணுமா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டுக் கடைசியில் வேண்டாம் என்றார். அட்வான்ஸ் போனது போனதுதான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவரை வழியனுப்பும்போது அழுதேன். வீடு கிடைக்காத வருத்தம் என்று அவர் நினைத்தார். மனுஷன் உயிரோடு போகிறாரே என்றுதான் அழுதேன்.

சில வருஷம் கழித்து, எங்களுக்கு வேறு இடத்தில் வீடு அமைந்த பிறகு, ஒரு மழைக்கால மாலையில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனேன். அந்த வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். என் கண் நேரே பலாவுக்குப் போயிற்று. கம்பிப் பக்கத்துக் கொப்புகளில் ஒரே ஒரு சக்கைதான் இருந்தது. மற்றதெல்லாம் அறுத்து எடுத்த காம்புகள். மதிலுக்கு மேலே ஒரு இரும்புக் குழாய் அசைந்து அசைந்து உயர்ந்தது. அதன் நுனியில் அரிவாள்.

"ஆளெறங்கணும்!" என்று கத்திக்கொண்டு, கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி ஓடினேன். கேட்டில் ஒரு இளம்பெண் நின்றாள்.

"பறிக்கது ஆரு?"

"எங்க வீட்டுக்காரரு. ஏன்?"

"மேல கம்பியப் பாரு!"

அவள் பார்த்தாள். கேட்டை விட்டுவிட்டு மதில் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"இஞ்ச..."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"அப்படிக் கூப்பிட்டா திரும்புவாரு மக்கா. பேரச் சொல்லு."

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்.