லூடி சுபானுக்கு விழுந்த ஒரு வாக்கு

லூடி சுபான் 412. வெர்னா கங்காஸ் 411.

சென்ற நவம்பரில் எங்கள் கெல்லர்ட் நகரத்து மேயர் தேர்தலின் முடிவு இது. ஜெயித்தவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தோற்றவர் உயிரோடு இருக்கிறார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். இறந்தவருக்கு விழுந்த 412 வாக்குகளில் ஒன்று வெர்னா போட்டது.

வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குட்டை உருவம், பெரிய கைகள், பேருந்தின் கடைசி இருக்கை வரை கேட்கும் குரல். பழைய இரும்புச் சுரங்கக் குழியை ஒட்டிய தெருவில், ஓய்வுபெற்ற கணவர் ஆர்வோவுடன் இருக்கிறார். அந்தக் குழி மூடப்பட்டு நாற்பது வருடமாகத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. பத்தொன்பது வருடம் வெர்னா நகர ஆம்புலன்ஸில் தன்னார்வலராக ஓடியவர். எந்த வீட்டின் பின்கதவு உறைபனியில் திறக்காது, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இரண்டு வருடம் முன்பு மேயர் லூடி அந்த ஆம்புலன்ஸை மூடினார். செலவு தாங்கவில்லை என்றார். வண்டி விற்கப்பட்டது. இப்போது கூப்பிட்டால் பதினெட்டு மைல் தள்ளியிருக்கும் பக்கத்து நகரத்திலிருந்து வர வேண்டும். வெர்னா தேர்தலில் நின்றது இந்த ஒரே விஷயத்துக்காக. நகர மன்றத்தில் நான்கு உறுப்பினர்கள். ஆம்புலன்ஸ் வேண்டும் என்று இருவர், வேண்டாம் என்று இருவர். மேயரின் வாக்குதான் முடிவு செய்யும்.

லூடி கெட்டவர் இல்லை. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நான்கு முறை மேயர். மனைவி ஃப்ரான்சியோடு அரிசோனாவுக்குக் குடிபோகப் போகிறார் என்று ஒரு வதந்தி கிளம்பியதும், அதற்குப் பதிலடியாகத் தன் பிரசாரப் பலகை எல்லாவற்றிலும் சிரித்த முகத்துக்குக் கீழே ஒரே வரியைப் போட்டார்: ‘நான் எங்கேயும் போகப் போவதில்லை.’

அக்டோபர் நடுவில் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் இருவருக்கும் விவாதம் நடந்தது. நானும் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ரெண்டு வருஷத்துல ஆம்புலன்ஸ் இல்லாம யாராவது செத்தாங்களா, வெர்னா? ஒரு பேரு சொல்லு பார்ப்போம்,” என்றார் லூடி.

“உனக்கே ஒருநாள் நெஞ்சைப் பிடிக்கும், லூடி. தரையில கிடந்து எண்ணிப் பாரு, எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு.”

கூடம் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் லூடி. நெஞ்சில் கை வைத்து நாற்காலியில் சரிவது போல நடித்துக் காட்டினார். “ஐயோ, வந்துடுச்சு! நீயே ஓடி வந்து காப்பாத்து தாயே. வேற ஆளு இல்லையாம்!”

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவர் ஒரு சுத்தியலும் பலகையுமாக வெர்னாவின் தெருவுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, வெர்னாவின் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிராகப் புல்தரையில் பலகையை நட்டார். வெர்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“தினமும் காபி குடிக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்துட்டே குடி!” என்று கத்தினார் லூடி.

“பால் திரிஞ்சிடும், போய்யா!” என்று உள்ளிருந்து கத்தினார் வெர்னா.

லூடி சிரித்துக்கொண்டே இன்னும் ஓர் அடி அடித்தார். பிறகு பலகையைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பிறகு படுத்தார். மறுபடியும் நடிக்கிறார் என்று வெர்னா நினைத்தது ஒரு கணம்தான். சுத்தியல் கையிலிருந்து உருண்டு சாலைக்கு வந்ததும் ஈரக்கையோடு ஓடினார்.

ஆர்வோ தொலைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வெர்னா லூடியின் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். பக்கத்து நகரத்து வண்டி வரும்வரை அழுத்தினார். விலா எலும்பு முறிந்தது கைக்குத் தெரிந்தது. அது சரியாகச் செய்கிறோம் என்பதற்கு அடையாளம், எனவே நிறுத்தவில்லை. வண்டி வந்தபோது வெர்னாவின் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. லூடி போய்விட்டிருந்தார். அவருடைய முகம் மட்டும் பலகையில் சிரித்துக்கொண்டிருந்தது.

நகரத்தில் யாரும் வெர்னாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அடக்கத்துக்குப் பிறகான சாப்பாடு. பன்றித்தொடை வைத்த பன், வால்நட் வைத்துச் சுருட்டிய பொட்டிட்சா ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காபி. வரிசையில் வெர்னாவுக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் அளவு இடம் விட்டு நின்றார்கள். அவருடைய பேருந்தில் பள்ளிக்குப் போய் வளர்ந்த ஒரு பெண் மட்டும் பக்கத்தில் வந்து, மெதுவாக, அன்பாகவே சொன்னாள்:

“நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சே.”

அன்றிலிருந்து வெர்னாவின் குரல் இறங்கிவிட்டது. பேருந்தில் பிள்ளைகள் எழுந்து நின்றாலும், ‘விழுந்துடுவே’ என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் விழுந்துவிடுவார்களோ என்று பயம். கருநாக்கு என்று ஊர் சொல்லவில்லை, அவரே தன்னைச் சொல்லிக்கொண்டார். வீடு வீடாகப் போய் வாக்கு கேட்பதையும் விட்டுவிட்டார்.

எதிர்வீட்டுப் பலகை அங்கேயே நின்றது. இறந்தவர் தன் கையால் நட்ட கடைசிப் பலகையைப் பிடுங்க எதிர்வீட்டுக்காரருக்கு மனம் வரவில்லை. வெர்னா ஜன்னலுக்குத் திரை போட்டார். திரைக்குப் பின்னால் அது இருப்பது தெரிந்ததும் திரையை எடுத்துவிட்டார்.

வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால் லூடியின் பெயரும் அதில் இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தொலைபேசிதான் கொடுமை. உயிரோடு இருக்கும்போதே லூடி தன் குரலைப் பதிவு செய்து, வாரம் ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில் எல்லா வீட்டுக்கும் தானாகப் போகிற மாதிரி ஒரு வெளியூர் நிறுவனத்தில் ஏற்பாடு செய்திருந்தார். அதை நிறுத்தும் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும். நவம்பரில் எங்கள் பக்கம் நாலரை மணிக்கே இருட்டிவிடும். விளக்கைப் போட்டு மேசையில் உட்கார்ந்தால் மணியடிக்கும். “வணக்கம், நான் உங்க லூடி. நான் எங்கேயும் போகப் போறதில்லை.” சிலர் உடனே வைத்துவிட்டார்கள். பலர் முழுவதும் கேட்டார்கள். என் வீட்டில் கேட்டோம்.

தேர்தலுக்கு முந்தின மாலை வெர்னா வீட்டிலும் அடித்தது. ஆர்வோ எடுத்து, கேட்டு, மனைவியிடம் நீட்டினார்.

“யாரு?”

“அவன்தான்.”

“வையேன்.”

“என்னால வைக்க முடியல. நீ வை.”

வெர்னா காதில் வைத்தார். கடைசி வரை கேட்டார். முடிவில் லூடியின் குரல், “என்கிட்ட நேரா பேசணும்னா ஒண்ணை அழுத்துங்க,” என்றது. ஏன் அழுத்தினார் என்று அவருக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. அழுத்தினார். எங்கேயோ மணியடித்தது. யாரோ எடுத்தார்கள்.

“சொல்லுங்க,” என்றது ஒரு களைத்த குரல். ஃப்ரான்சி. லூடி தன் வீட்டு எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தார்.

வெர்னாவின் மூச்சு மட்டும் அந்தப் பக்கம் கேட்டது.

“லூடிகிட்ட பேசணுமா? இன்னைக்கு நீங்க ஒன்பதாவது ஆளு. அவரு இல்லைங்க. சொல்ல வந்ததை என்கிட்ட சொல்லுங்க, நான் கேக்கறேன்.” கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “சரி, மூச்சு விட்டாலும் போதும்,” என்று ஃப்ரான்சி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, பேருந்தை நிறுத்திவிட்டு வெர்னா வாக்குச்சாவடிக்குப் போனார். தன் பெயருக்கு எதிரே பேனாவை வைத்தார். கை வரவில்லை. லூடியின் நெஞ்சை அழுத்திய அதே கையால் அவரைத் தோற்கடிப்பதா? லூடியின் பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு வெளியே வந்தார்.

அப்படி யோசித்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. முடிவு வந்த பிறகு நான் கடை, மதுக்கடை, தேவாலயம் என்று சுற்றி விசாரித்தேன். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே பதில்.

“செத்த மனுஷனைப் பத்து ஓட்டோட அனுப்பினா ஃப்ரான்சி மூஞ்சில எப்படிங்க முழிக்கிறது? வெர்னா எப்படியும் ஜெயிச்சுடுவான்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படியே நினைச்சா?”

“எல்லாரும் நினைப்பாங்கன்னு நான் நினைக்கல.”

நாங்கள் அப்படிப்பட்டவர்கள். தட்டில் இருக்கும் கடைசிக் கேக் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். பாதியாக வெட்டிப் பாதியை வைப்போம், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் ஒரு துணுக்கு காய்ந்து கிடக்கும். ஆனால் 412 பேரும் மரியாதைக்காகத்தான் போட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்தச் சாப்பாட்டு வரிசையில் விட்ட இடைவெளியை நானும் பார்த்தேன்.

வெர்னா தேர்தல் முடிவைத் தன்மேல் விழுந்த தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். மறு எண்ணிக்கை கேட்கவில்லை. இறந்தவர் பதவியேற்க முடியாததால் மன்றமே ஒருவரை நியமிக்க வேண்டும். நான்கு பேரும் வெர்னாவிடம் வந்து கேட்டார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்ற டேரல்கூட, “உங்களுக்குப் போட்ட அத்தனை பேரை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்றார். வெர்னா முடியாது என்றார். வெர்னா இல்லாவிட்டால் அடுத்ததாகப் பதவிக்குத் தயாராக நின்றவர் வேறொருவர், அந்த வேறொருவருக்கு ஆம்புலன்ஸ் வேண்டாம். இது எல்லோருக்கும் தெரியும். வெர்னாவுக்கும் தெரியும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை பகலில் ஃப்ரான்சி வந்தார். எழுபத்தொரு வயது, பனியில் தடியூன்றி நடந்தே வந்திருந்தார். கோட்டைக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். பாதி பனியில் புதைந்து, புருஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்ல இடமாத்தான் பார்த்து நட்டிருக்காரு, திமிரு பிடிச்சவரு,” என்றார்.

வெர்னா காபி ஊற்றினார்.

“தேர்தலுக்கு முந்தின நாள் போன்ல மூச்சு விட்டது நீதானே?”

வெர்னா தலையாட்டினார்.

“தெரிஞ்சுது. ஆம்புலன்ஸ்ல வந்து என்னைத் தூக்கிட்டுப் போனியே, என் பித்தப்பை வெடிச்சப்ப. அதே மூச்சு. மாடு மாதிரி.” ஃப்ரான்சி ஒரு வாய் குடித்தார். “யாருக்குப் போட்டே?”

“அவருக்கு.”

“முட்டாள். நான் உனக்குப் போட்டேன்.”

வெர்னா நிமிர்ந்தார்.

“நாப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவ. உயிரோட இருந்தப்பவே சொன்ன வேலையைச் செய்ய மாட்டாரு. செத்த பிறகா செய்யப் போறாரு?”

“ஃப்ரான்சி, நான் சொன்ன வார்த்தை...”

“சொன்னே. நடந்துச்சு. உன் வார்த்தையால நடக்கலைன்னு நான் சொல்ல மாட்டேன். நடந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அந்தப் பதினெட்டு மைல் மட்டும் தெரியும்.” கோட்டின் மேல் பொத்தானில் விரலை வைத்தார். “எனக்கும் வால்வு சரியில்லையாம். அடுத்தது நான் விழுந்தா, உன் மணிக்கட்டை நம்பியா இருக்கணும்?”

ஃப்ரான்சி காபியை முடித்துவிட்டு, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை பேருந்து வேலை முடிந்ததும் வெர்னா நகர அலுவலகத்துக்குப் போய், சரி என்றார்.

ஜனவரியில் பதவியேற்றார். மேயர் நாற்காலியில் லூடியின் முதுகு பதிந்த பள்ளம் இன்னும் இருக்கிறது, அதனால் வெர்னா அதன் நுனியில்தான் உட்காருகிறார். பிப்ரவரிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் தீர்மானம் இரண்டுக்கு இரண்டாக நின்றது. அவருடைய முறை வந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி கேட்டார்கள். மறுபடியும் சொன்னார்: “வேணும்.”

பலகையை அப்போது எடுக்க முடியவில்லை. மண் உறைந்து கால்களை இறுக்கிப் பிடித்திருந்தது. ஏப்ரல் கடைசியில் தரை இளகியபோது ஆர்வோ போய் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, ஃப்ரான்சி வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்லில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன.

வாங்கிய வண்டி பழையது, ஆனால் ஓடுகிறது. தன்னார்வலர்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மே மாதம் முதல் தேதி காலை ஏழு மணிக்கு முதல் பணிநேரம் ஆரம்பமாகிறது.