குடை தட்டாமல் போகணும்

பெரிய காஞ்சிபுரத்தில் தன் தெருவுக்குள் உற்சவச் சாமி திரும்பினால், குடை தட்டாதபடி தன் வீட்டு மாடியிலிருந்து கேபிள் வயர்களைத் தூக்கிப் பிடிப்பது கலைவாணன்தான். நுனியில் கவை உள்ள மூங்கில் கழியை அதற்கென்றே வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு சாலையை இன்னும் உயர்த்திவிட்டார்கள். புதிதாக இன்டர்நெட் வயர்களும் தொங்குகின்றன.

"இந்த வாட்டி குடை மாட்டுச்சுன்னா, அடுத்த வருஷம் சாமி மெயின் ரோட்டோட போயிடும்மா" என்று கோயில்காரர் சொல்லியிருந்தார்.

மேளச் சத்தம் திருப்பத்தில் கேட்டது. கலைவாணனின் மனைவி கிருஷ்ணவேணி மாடியில் கழியின் அருகே போனாள்; எடுக்கவில்லை. வருஷத் திதி முடியாத வீடு. சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது.

"துளசி, நீ வந்து புடிம்மா!" என்று பக்கத்து மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"எனக்குத் தோளே தூக்க வர்ல. நீயே புடிச்சிக்கினு நில்லு வேணிக்கா."

"தீட்டு வீடுடி."

"நீ சாமியையா தொடப்போற? வயரைத்தானே? அதைக் கட்டுன கேபிள்காரன் வீட்ல தீட்டா இல்லையான்னு யார் பாத்தா!"

கிருஷ்ணவேணி கழியை எடுத்தாள். வயர்களை ஏந்தினாள். வயர்களுக்கு ஒரு சாண் கீழாகக் குடையின் கலசம் தட்டாமல் கடந்து போனது. கும்பிட அவளுக்குக் கை இல்லை. சாமி தெருமுனை திரும்பிய பிறகும் வயர்களை இறக்கப் பயந்து அப்படியே நின்றிருந்தாள்.