எடுக்காத ஒரு பக்கம்

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. கீழ்வேளூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வயலிலிருந்து வரப்பு வழியாக, முந்தின நாள் நான் பேட்டி எடுத்த அக்கா வேகமாக வந்தார். முழங்கால் வரை சேறு. தூக்கிச் செருகிய புடவையை இறக்கிவிடக்கூட இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "நேத்து எங்க வீட்டுக்காரரு சாவைப் பத்திச் சொன்னேன்ல தங்கச்சி, அதை மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் எழுதிக்க."

"எடுத்துடறேன்க்கா" என்றேன். பஸ் வந்துவிட்டது.

நான் அப்போது சமூகப்பணி முதுகலை மாணவி. ஆற்றில் தண்ணீர் வராமல் பயிர் கருகிய வருடத்தில் கணவனை இழந்த பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். மனிதர்களிடம் தகவல் சேகரிக்கப் போகிறவர்களுக்கு நெறிமுறைப் பயிற்சி என்று ஒரு பிற்பகல் வகுப்பு வைத்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளை. பாதிப் பேர் தூங்கினோம். சான்றிதழ் மட்டும் எல்லோருக்கும் கிடைத்தது. சொன்னதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி உண்டு. அதை அக்காவுக்கு நானேதான் வாசித்துக் காட்டினேன்.

முதல் மூன்று முறை போனபோது பயிரைப் பற்றி மட்டுமே பேசினார். நான்காம் முறை, பேச்சு நின்ற ஓர் இடத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உடைந்தார். அவர் கணவர் பாம்பு கடித்து இறந்ததாக ஊர் நம்பியிருந்தது. பாம்பு இல்லை, அவராகத் தேடிக்கொண்ட சாவு. கல்யாண வயதில் மகள் இருந்ததால் அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட.

அதை ஒரு பக்கமாக எழுதியபோது நன்றாக வந்திருப்பது எனக்கே தெரிந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர், "இதுதான் உங்க ஆய்வேட்டுக்கே உயிர்" என்றார். அக்கா எடுக்கச் சொன்னதைத் தயக்கத்தோடு சொன்னேன். "பேரை மாத்திட்டீங்கல்ல, போதும்" என்றார். நான் மறுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை வாங்கத்தான் அவரிடமே போயிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அக்காவின் பெயரையும் ஊரின் பெயரையும் மாற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மகள் தையல் மிஷின் போட்டிருந்ததையும் பாம்புக் கதையையும் அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அதே ஊரிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் நூலகத்தில் அதைப் படித்திருக்கிறாள். கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் ஊர்க் கதை என்று போனில் படமெடுத்துத் தோழிக்கு அனுப்பினாள். அது ஒவ்வொரு போனாகத் தாண்டி, மகளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போனது. அவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பா எப்படிச் செத்தார் என்பதை மகள் போனில் படித்துத் தெரிந்துகொண்டாள். மிஷினை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனாள். அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கேள்விப்பட்டு ஓடினேன். அக்கா திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். நான் அழுது முடிக்கும்வரை முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போறதுக்கு முன்னாடி எம் பொண்ணு கேட்டா, யார்கிட்டம்மா சொன்னேன்னு. படிக்கிற பொண்ணுகிட்டன்னேன். எங்கிட்ட சொல்லாததை அவகிட்ட ஏம்மா சொன்னேன்னு கேட்டா. அதுக்குத்தான் தங்கச்சி, எனக்குப் பதில் தெரியல."

எனக்குத் தெரியும். கையைப் பிடித்தால் மனிதர்கள் பேசுவார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த ஆய்வேட்டால் கிடைத்த பட்டத்தில்தான் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் வேலைக்கு வந்தேன். நெறிமுறைப் பயிற்சி இப்போது என் பொறுப்பு. பக்கத்தை நீக்கக் கேட்டு நூலகத்துக்கு எழுதினேன். விதியில் இடமில்லை என்றார்கள். அதற்கு மேல் நான் போராடவில்லை. வகுப்பில் இதை 'ஒரு மாணவி' செய்ததாகவே வருடாவருடம் சொல்லிவந்தேன். இந்த வருடம் ஒரு மாணவன், "அவங்க எடுக்கச் சொன்னாலும் நல்ல தகவலை எடுக்காம விட்டா யாருக்கு மேடம் தெரியப்போகுது?" என்று கேட்டான். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த மாணவி நான்தான் என்று சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க மேடம்?"

போன அறுவடைக்குப் பிறகு போயிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் விசாரித்தேன். "எங்க போறேன்னு சொல்லலைம்மா" என்றார். "அது இப்பல்லாம் யார்கிட்டயும் எதையும் சொல்றதில்ல."