கலங்கலான படம்

“டாக்டர், பாக்கெட்டைக் காலி பண்ணுங்க. அந்தக் கத்தரிக்கோல் உங்களுக்கு முன்னாடி உள்ள பறந்து போயிடும்.” பெரிய டாக்டரையே வாசலில் மறித்து நிற்கிறார் காந்தக்கா. ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு இதுதான் பெயர். உடம்புக்குள் ஊசி எங்கே போகிறது என்று அந்த நொடியே காட்டும் எம்ஆர்ஐ இயந்திரத்தை வடிவமைத்தவர். டாக்டரின் கை நுழையட்டும் என்று காந்தத்தின் பக்கவாட்டைத் திறந்து வைத்ததும் அவர் யோசனைதான்.

வீட்டிலும் இதே கெடுபிடி. கணவர் டிவியைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்கினால் கத்தியைப் பிடுங்கிவிடுவாராம். “கண்ணு எங்கயோ, கை எங்கயோ! விரல் போயிடும்!” அந்த மனிதர் இப்போது சமையலறைப் பக்கமே போவதில்லை. பிழைக்கத் தெரிந்தவர்.

நான் அந்த இயந்திரத்தைப் பார்க்கப் போன அன்றுதான் அதற்கு முதல் நோயாளி வந்தார். பஸ் டிரைவர். ஈரலில் கட்டி, அதை ஒட்டியே பெரிய ரத்தக்குழாய்; சோதனைக்கு ஊசியால் கட்டியில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். மரத்துப்போக மட்டும் மருந்து, ஆள் விழித்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அக்காவின் திரையில் படம் மணல் தூவியதுபோல் கலங்கித் தெரிந்தது. வேகமாக எடுத்தால் கலங்கும். தெளிவாக எடுத்தால் திரைக்கு வரத் தாமதமாகும். அக்கா எப்போதும் வேகத்தின் கட்சி.

“எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. தெளிவா வைங்க,” என்றார் டாக்டர், ஒலிபெருக்கியில். காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்த ஊசி, பாதி உள்ளே போயிருந்தது.

“வேணாம் சார், படம் பின்தங்கும்.”

“வைங்கன்னா வைங்க!”

வைத்தார். அடடா, என்ன அழகு! குழாய் தனியாக, ஊசி தனியாக, பளிச்சென்று. டாக்டர் தைரியமாக ஊசியைத் தள்ளினார்.

டிரைவர் இருமினார். வயிறு குலுங்கியது கண்ணாடி வழியே எனக்கே தெரிந்தது. திரையில் மட்டும் எதுவும் அசையவில்லை.

“நிறுத்துங்க! தள்ளாதீங்க! அது பழைய படம்!” அக்கா விசையைத் தட்டினார். கலங்கல் திரும்பியது. ஊசி முனைக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழைதான்.  டாக்டர் மெல்லப் பின்னுக்கு இழுத்து, திசையை மாற்றினார். கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து ஊசியை வெளியே கொண்டுவந்தார்.

ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்த டிரைவர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். “மன்னிச்சுக்குங்கம்மா. அடக்கித்தான் பார்த்தேன், இருமல் வந்துடுச்சு. என்னால ஏதாச்சும் கெட்டுப்போச்சா?”

“உங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே. நான்தான்...” அக்கா கிட்டே போய், போர்வைமேல், அவர் வயிற்றில், உள்ளங்கையை லேசாக வைத்தார். அது மூச்சோடு ஏறி இறங்கியது. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோதும் அக்கா கையை எடுக்கவில்லை, கூடவே நடந்தார்.