எதிரே ஏலம் கேட்டவன்

நாணய ஏலம் இப்போதெல்லாம் ஆன்லைனில்தான். நம்மால் முடிந்த உச்ச விலையை முன்னதாகவே பதிந்துவிட்டால், எதிராளி ஏற்ற ஏற்ற, நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே கேட்டுக்கொண்டு போகும். எதிராளி யாரென்று மட்டும் காட்டாது. சங்கரன்கோவிலில் என் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி நான் பதிந்த உச்ச விலை ஒவ்வொன்றையும் யாரோ தாண்டிப் போனார்கள். கடைசியாகக் கைவிட்டுப் போனது, மீனின் கண்கூடத் தேயாத ஒரு பாண்டியர் செப்புக்காசு.

அடுத்த வாரம் வாசுதேவநல்லூர் அண்ணாச்சி கடைக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர், பழங்காசு சேர்ப்பதில் இந்தப் பக்கம் எனக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. சட்டைப்பையிலிருந்து அதே காசை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

“எவனோ ஒரு கிறுக்கன் விடாம கேட்டுட்டே இருந்தான் வே. அவனாலதான் வெல இம்புட்டு ஏறிட்டு. ஆனா நீரு நல்லாருக்குன்னு சொன்ன காச விட முடியுமா?”

அப்போதுதான் புரிந்தது. ஏலப் பட்டியல் வந்ததும் எனக்குப் பிடித்ததையெல்லாம் இவரிடம்தான் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். அந்தக் கிறுக்கன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் விட்டுக்கொடுப்பார், அப்படி வாங்குவதற்குப் பெயர் பிச்சை.

அவர் போனில் அடுத்த ஏலத்தின் படங்களைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

“இதுல எது வே நல்ல காசு?”

ஏதாவது ஒரு தேய்ந்த காசைக் காட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரல், அன்று காலை நான் விலை பதிந்திருந்த காசின்மேல் போய் நின்றது.