காஞ்சிபுரத்துக்கு ஒரு நாள் முன்னதாக: ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் பூப்பந்து ஆட்டம்

போன மாத அமாவாசைக்குக் காஞ்சிபுரம் போய் வந்தேன். கோயிலுக்கா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. பட்டுப் புடவைக்கா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் இல்லை, என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம். நான் போனது பூப்பந்து ஆட. பலருக்கு அதைப் பால் பேட்மிண்டன் என்றால்தான் தெரியும். மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், முப்பத்தைந்து புள்ளி. நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஒரு விளையாட்டுக்காக வெளியூர் போக நினைத்தால் இந்தப் பதிவு உதவும். தப்பு எங்கே நடக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சி உறையூரில் பொத்தான், லைனிங் துணி, ஜிப் விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஐம்பதாவது வயதில் டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்கப் போன மைதானத்தில் சில பெண்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பந்து என் காலடிக்கு வந்தது, எடுத்துப் போட்டேன், அதோடு நடைப்பயிற்சி முடிந்தது. இரண்டு வருடமாகத் தினமும் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறேன். எங்கள் குழுவில் ஆறு பேர். ஆட்டத்துக்கு ஐந்து பேர். அந்த ஆறாவது ஆள் யார் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வெளியூர் ஆட்டங்களுக்கு நான்கு முறை போயிருக்கிறோம். நான்கு முறையும் நான் தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல். யாருக்காவது கால் பிசகினால் இறங்கலாம் என்று உட்கார்ந்திருப்பேன். யாருக்கும் பிசகவில்லை, எல்லோருக்கும் அப்படி ஓர் ஆரோக்கியம்! காஞ்சிபுரம் கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்: "இந்தத் தடவையும் உட்கார வெச்சாங்கன்னா, இனிமே மைதானத்துக்குப் போகமாட்டேன்." விளையாட்டாகச் சொல்லவில்லை. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இப்படி ஏங்குவது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஏக்கம் ஏக்கம்தான்.

எங்கள் கேப்டன் கலைச்செல்வி, ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, என்னைவிட நான்கு வயது சின்னவள். ஏதோ ஒரு போட்டியில் காஞ்சிபுரத்து மஞ்சுளாவைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். மஞ்சுளா தறி நெய்பவர், அவர் குழுவில் பாதிப் பேர் நெசவு வீட்டுக்காரர்கள். "அமாவாசையன்னிக்கு வந்துடுங்கக்கா, அன்னிக்குத்தான் எங்களுக்கு லீவு" என்று போனில் சொன்னாராம். அங்கே தறிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரிய விஷயமில்லை, அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத் தறியில் உட்காரமாட்டார்கள். கலைச்செல்வி வீட்டுக் காலண்டரைப் பார்த்தாள், அமாவாசை சனிக்கிழமை என்று போட்டிருந்தது, டிக்கெட் எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ரயில் ஏறினோம். செங்கல்பட்டு வரை உட்கார்ந்து போகும் இருக்கை, ஆளுக்கு நூற்று முப்பது ரூபாய், நாலரை மணி நேரம். அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகப் பேருந்து, நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். பெரிய பையோடு போகிறவர்கள் பேருந்தில் முன் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். நாங்கள் ஆறு பேரும் மட்டைப் பைகளை நீட்டிக்கொண்டு ஏறியதைப் பார்த்த கண்டக்டர், "எல்லாரும் எந்த ஸ்கூலு?" என்றார். கலைச்செல்வி கொஞ்சமும் சிரிக்காமல், "பிளஸ் டூ, சார்" என்றாள்.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு இரண்டு ஆட்டோ, ஒவ்வொன்றும் நூறு ரூபாய். மஞ்சுளா வீடு இருந்த தெருவில் இறங்கியதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விடுமுறை நாளில் இப்படிக் கேட்குமா? உள்ளே எட்டிப் பார்த்தால், மஞ்சுளா தறிக் குழியில் காலை விட்டுக்கொண்டு மாம்பழ நிறப் புடவை ஒன்றை நெய்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாக்கா, இன்னிக்கே வந்துட்டீங்க?"

"இன்னைக்குத்தானே அமாவாசை?" என்றாள் கலைச்செல்வி.

"யாரு சொன்னது? நாளைக்கு. இந்த முந்தியை இன்னிக்குள்ள முடிச்சு, புடவையைத் தறியிலேர்ந்து அறுத்துக் குடுத்துடணும்னு நான் காலையிலேர்ந்து எழுந்திருக்காம உக்காந்துக்கினு இருக்கறேன்."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை. கலைச்செல்வி தன் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த காலண்டர் படத்தைக் காட்டினாள். சனிக்கிழமை. ஒன்று ஒரு பஞ்சாங்கப்படி, மற்றது இன்னொரு பஞ்சாங்கப்படி. சனிக்கிழமை பாதியில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை பாதியில் முடிகிற அமாவாசை அது. அதை யார் எந்த நாளில் எழுதுவது என்பதில் இரண்டு காலண்டர்காரர்களுக்கும் ஒத்துவரவில்லை. மஞ்சுளாவின் வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து வந்து, "இருக்கறது ஒரு நிலா. திருச்சிக்கு ஒரு நாளு, காஞ்சிபுரத்துக்கு ஒரு நாளா?" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம், ஜோஸ்பினைத் தவிர.

ஜோஸ்பின் எங்கள் குழுவின் தூண். பின்வரிசையில் அவள் நின்றால் பந்து அவளைத் தாண்டாது. மருத்துவமனையில் நர்ஸ், ஞாயிறு காலை டியூட்டி, மாற்ற ஆளில்லை. வாசலில் நின்று நாலைந்து பேருக்குப் போன் செய்து பார்த்தாள், நடக்கவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்து, "அக்கா, பின்னாடி பாத்துக்கோங்க" என்றாள். பிறகு மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் மட்டும் திரும்பிப் போனாள். அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு நிற்கும்போது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில் குதித்துக்கொண்டிருந்த ஒன்றை அடக்கப் படாத பாடு பட்டேன்.

கையில் கிடைத்த வெற்று மதியத்தில் திருப்பருத்திக்குன்றம் போனோம், ஆட்டோ போக வர முந்நூறு ரூபாய். பழைய சமணக் கோயில், கூரை முழுக்க ஓவியங்கள். கூட்டமே இல்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதால், மறுநாள் ஆட்டம் இருப்பவர்கள் ஆட்டம் முடிந்த பிறகு போவது நல்லது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் மூன்று பேர் தங்கும் அறை ஆயிரத்து நானூறு ரூபாய். சுத்தம், வெந்நீர் காலையில் மட்டும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு எட்டரை மணிக்கே படுத்துவிட்டேன். தூக்கம் வந்தது என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குச் செவிலிமேட்டில், பாலாற்றுப் பக்கத்துத் திடல். மஞ்சுளா குழுவினர் எங்களுக்கு முன்பே வந்து கோடு போட்டு வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். சிலர் சுடிதாரில், இரண்டு பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு. பதினோரு மணிக்குள் வீட்டுக்குப் போய் அமாவாசைப் படையலுக்குச் சமைக்க வேண்டும் என்பதால் எல்லோரிடமும் ஒரு வேகம் இருந்தது. மஞ்சுளாவின் வீட்டுக்காரர்தான் நடுவர். கழுத்தில் விசில், கையில் டீ.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். மஞ்சுளா தன் பக்கத்து ஆட்களிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "அந்த ரோஸ் டீ சர்ட் அக்காகிட்ட போடு. அவங்ககிட்டயே போடு."

அந்த ரோஸ் டீ சர்ட் நான்தான்.

போட்டார்கள். வலது பக்கம், இடது பக்கம், தலைக்கு மேல், காலுக்கு முன்னால். பனி பட்ட கம்பளிப் பந்து கனமாகி எங்கள் ஊரில் எழும்புகிற மாதிரி எழும்பவில்லை. நான் மட்டையை வீசி முடித்த பிறகுதான் பந்து சாவகாசமாக வந்து சேர்ந்தது. முதல் ஆட்டம் அவர்களுக்கு, 35–19. போன புள்ளிகளில் பாதிக்கு மேல் என் கணக்கு. கலைச்செல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இரண்டு வருடம் விடியற்காலையில் எழுந்தது இதற்குத்தானா என்று என்மேலேயே கோபம். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முட்டி உண்மையிலேயே வலித்துக்கொண்டும் இருந்தது.

ஆனால் நான் உட்கார்ந்தால் நான்கு பேர்தான். அந்த ஒரு காரணத்துக்காக இறங்கினேன், வேறு எந்த வீரமும் இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. இரண்டு வருடத்தில் இத்தனை பந்து என்னிடம் யாரும் போட்டதில்லை. எங்கள் ஊர்ப் பயிற்சியில்கூட, பாவம் அக்கா என்று மெதுவாகத்தான் போடுவார்கள். இங்கே பாவம் பார்க்க ஆளில்லை. பத்துப் பதினைந்து பந்துக்குப் பிறகு கைக்கு அந்தக் கனம் பழகிவிட்டது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கீழேயிருந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று வலையைத் தாண்டிப் போனது. இன்னொன்று போனது. மூன்றாவதை மஞ்சுளாவுக்குப் பின்னால் கோட்டுக்கு உள்ளே போட்டேன், அவர் திரும்பிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு, 35–31. கலைச்செல்வி என் முதுகில் வைத்த அடி இரண்டு நாளுக்கு இருந்தது.

மூன்றாவது ஆட்டம் பாதி போயிருக்கும். மஞ்சுளா மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார்: "ஏம்மா, அந்த அக்காகிட்ட போடாதீங்கன்றேன் இல்ல! வேற பக்கம் போடுங்க!"

வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறேன். சாம்பார் நன்றாக இருக்கிறது, கடையை நன்றாக நடத்துகிறாய், பிள்ளைகளை நன்றாக வளர்த்திருக்கிறாய். இதற்குக் கிட்டே எதுவும் வராது. என்ன, அதற்குப் பிறகு பந்து என் பக்கமே வரவில்லை. "இங்க போடுங்க, இங்க போடுங்க" என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். 35–32, தோற்றுப்போனோம்.

ஆட்டம் முடிந்ததும் மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லி வாங்கி வைத்திருந்தார்கள். மிளகு, சுக்கு, சீரகம் மணக்க, ஒரு துண்டே வயிற்றை நிரப்பிவிடும். சாப்பிடும்போது மஞ்சுளாவிடம், "நாள் முழுக்கத் தறியில உக்கார்றீங்க, எப்படி இந்த ஓட்டம் ஓடறீங்க?" என்று கேட்டேன். "உக்காந்துக்கினே இருக்கறதாலதான்க்கா ஓடுறேன். மாசத்துல இந்த ஒரு நாளு இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்றார். அவருக்கு நாற்பத்தாறு வயது. கையைத் துடைத்துக்கொண்டு, சமைக்கப் போக வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினார்.

இனி, போகிறவர்களுக்கு. திடலில் கழிப்பறை கிடையாது, விடுதியிலேயே தயாராகிக் கிளம்புங்கள். பேருந்து நிலையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் ஆட்டோதான், நூற்றைம்பது ரூபாய். சொந்தப் பந்து கொண்டு போங்கள், பனிக்கு இரண்டு பந்து மாற்றி மாற்றி ஆடலாம். எங்களுக்கு ஆளுக்கு மொத்தச் செலவு ஆயிரத்து நானூறுக்குள் முடிந்தது. அமாவாசையில் தறி ஓடாது, நெசவைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கு முந்தைய நாள் போகலாம். இது எங்களுக்குத் தானாகவே அமைந்தது. எல்லாவற்றுக்கும் மேல், யார் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை என்று நாள் சொன்னாலும், அது எத்தனாம் தேதி என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நடுவயதில் உடற்பயிற்சியை விடாமல் செய்வது எப்படி என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். மன உறுதி வேண்டும் என்கிறார்கள். இருக்கலாம். என் அனுபவத்தில், நமக்குப் பாவம் பார்க்காமல் பந்தைப் போடுகிற நான்கு பேர் வேண்டும்.

மதியம் செங்கல்பட்டில் ரயில் ஏறினோம். மஞ்சுளா குழு அடுத்த அமாவாசைக்குத் திருச்சி வருவதாகச் சொல்லியிருந்தது. விழுப்புரம் தாண்டியதும் கலைச்செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"விஜிக்கா, அடுத்த மாசம் ஜோஸ்பின் வந்துடுவா..."

"வரட்டும். நல்லதுதானே."

"இல்ல, ஆறு பேர் ஆயிடுவோம். யாராவது ஒருத்தர் வெளிய உக்காரணும்..."

அவள் தயங்கித் தயங்கி என் முகத்தைப் பார்த்த விதத்தில், அந்த யாராவது யார் என்று எழுதியிருந்தது. தப்பு அவள்மேல் இல்லை. நான்கு ஊரிலும் கேட்கும் முன்பே தலையாட்டியவள் நான்.

"உக்காரட்டும். ஆனா அது நான் இல்லம்மா" என்றேன்.

எதிர் இருக்கையில் தூங்குவது போல இருந்த இரண்டு பேரும் கண்ணைத் திறந்தார்கள். கலைச்செல்வி என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"சரிக்கா. முதல் ஆட்டத்துக்கு நான் உக்காந்துக்கறேன். பாட்டில் எல்லாத்தையும் எங்கிட்ட குடுத்துடுங்க."