சாகாத பென் டிரைவ்

கம்ப்யூட்டர் பொறுப்பாளர் அண்ணாச்சி, தவறு உங்களுடையது. பொய்க்காரி என்ற பட்டம் மட்டும் எனக்கு.

போன வருடம், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. தூத்துக்குடியில் சரக்கு சர்வே பார்ப்பது என் வேலை. கன்டெய்னரில் மூட்டை ஏற்றும்போது படம் எடுத்து, ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்தில் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவுரி இலை மூட்டைகள். கன்டெய்னருக்கு சீல் வைத்தாயிற்று. மறுபடி எடுக்க வழியில்லை.

முத்தையாபுரத்தில் இருக்கும் அந்த அலுவலகத்தில், பொறுப்பாளர் பென் டிரைவைச் செருகினார். அதன் விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"ஏளா, போட்டோ எடுத்தியா, இல்ல ஹார்பர்ல காத்து வாங்கிட்டு வாரியா? இது செத்த டிரைவு."

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விடவில்லை. என் முதலாளிக்குப் போன் போட்டு, "ஒங்க சர்வே பிள்ள படமே எடுக்கல, கதை விடுதா" என்றார். முதலாளி அதே போனில் என்னிடம் ஒன்றே சொன்னார்: "படம் இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

நான் எடுத்த படம் எங்கே போகும்? பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போய் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டரில் செருகினேன். செருகுகிற ஒவ்வொரு டிரைவுக்கும் கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை அடையாளமாக வைக்கும்; இது E என்ற எழுத்தில் திறந்தது. அத்தனை படமும் இருந்தது.

"எக்கா, அவரு கம்ப்யூட்டர்ல எந்த பென் டிரைவும் தெரியாது. செத்துட்டுன்னு டிராயர்ல போட்டுருவாரு" என்றாள் அங்கிருந்த பெண்.

திரும்பிப் போய் அவர் திரையைப் பார்த்தேன். E எழுத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருந்தது. சர்வரில் இருக்கும் எக்ஸ்போர்ட் ஃபோல்டர். எக்ஸ்போர்ட்டுக்கு E, இம்போர்ட்டுக்கு I என்று ஞாபகத்துக்காக அவரே வைத்தது. செருகுகிற பென் டிரைவுக்கும் கம்ப்யூட்டர் அதே E எழுத்தைக் கொடுக்கிறது. ஃபோல்டர் மறைத்துக்கொண்டு நின்றால் பென் டிரைவ் எப்படித் தெரியும்?

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க."

டிரைவ்களின் எழுத்தை மாற்றுகிற டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். பென் டிரைவ் அங்கே உயிரோடு இருந்தது. அதன் எழுத்தை P என்று மாற்றினேன். படங்கள் வந்தன.

"வைரஸ் ஏதாவது இருந்திருக்கும்" என்று முனகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

என் வேலை தப்பித்தது. இப்போதெல்லாம் யார் எதைச் செத்துப்போச்சு என்றாலும், இன்னொரு இடத்தில் செருகிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை. ஆனால் விஷயம் முடியவில்லை. என்னைப் பொய்க்காரி என்று சொன்னது எல்லார் முன்னாலும். அண்ணாச்சி, உங்கள் டிராயரில் கிடக்கும் பென் டிரைவ்கள் யார் யாருடையவை? அவர்களையும் பொய்க்காரர்கள் என்றுதான் சொல்லி அனுப்பினீர்களா? அதே அலுவலகத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று பதில் சொல்லுங்கள்.